கோதுமை நிறத்துக்கு எத்தனை மில்லிநொடி

திரைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் மஸ்தூரா ஓபா, படுக்கை, படுக்கையில் படுத்திருக்கும் பெண். இயந்திரம் நடுவில். அதன் முகப்பு என் பக்கம் திரும்பியிருக்கும். குழாயும் கைப்பிடியும் திரைக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போகும்.

நமங்கானில் ஓர் ஆண் பெண்களின் முடியை எடுக்க முடியாது. ஆனால் அந்தக் கட்டடத்தில் லேசரின் எண்களைச் சரியாக வைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தாஷ்கந்தில் இயற்பியல் படித்தேன். இயந்திரத்தை விற்ற நிறுவனம் அதைப் பொருத்திக் கொடுக்க என்னை அனுப்பியது. பிறகு மருத்துவர் ரானோ ஒபிதோவ்னா என்னை இங்கேயே வைத்துக்கொண்டார். திரையைத் தைத்தவர் மஸ்தூரா ஓபா, அதாவது மஸ்தூரா அக்கா. பிரசவ மருத்துவமனையில் இருபத்திரண்டு ஆண்டுகள் செவிலியாக இருந்தவர். கைப்பிடி அவர் கையில்.

எண்கள் மூன்று. ஒளியின் பலம், வட்டத்தின் அகலம், துடிப்பின் நீளம். முதல் இரண்டையும் யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். மூன்றாவதுதான் வேலை. ஒரு துடிப்பு ஒளி எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும்? மூன்று மில்லிநொடியா, இருபதா, நாற்பதா?

ரானோ ஒபிதோவ்னா இதைக் கேட்டபோது, ஒரே கெண்டியிலிருந்து தேநீர்ப் பானையிலும் பியாலா என்ற சிறு கிண்ணத்திலும் வெந்நீர் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பானை சூடாக இருந்தது. பியாலா ஆறிப்போயிருந்தது. தடித்த முடி பானை. மெல்லிய முடி பியாலா. பானைக்கு மெதுவாக ஊற்றினாலும் சூடு சேரும். பியாலாவுக்கு ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் நிரம்புவதற்குள் ஆறிவிடும். அதனால் மெல்லிய முடிக்குக் குறுகிய துடிப்பு.

தோல்தான் சிக்கல். நிறமுள்ள தோலும் ஒளியை விழுங்கும். குறுகிய துடிப்பில் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழுவதால் சூட்டை வெளியே விட அதற்கு நேரம் இருக்காது. வெந்துவிடும். துடிப்பு நீளமாக இருந்தால் தோல் வாங்க வாங்க விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே கறுத்த தோலுக்கு நீண்ட துடிப்பு. கறுத்த தோலும் மெல்லிய முடியும் ஒரே முகத்தில் வந்தால் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு வழி எதுவும் நான் படித்த புத்தகங்களில் இல்லை.

நான் தோலைப் பார்ப்பதில்லை. நிறத்தை மஸ்தூரா ஓபா சொல்ல வேண்டும். இயந்திரத்தோடு ஓர் அட்டை வந்தது. தோல் நிறங்கள், ஒன்று முதல் ஆறு வரை. இரண்டாவது வாரமே ஒரு பெண்ணுக்கு அவர் ‘ஐந்து’ என்று சொல்ல, அவள் அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள். அதன்பிறகு மஸ்தூரா ஓபா அட்டையை அலமாரியில் போட்டுவிட்டு ஐந்து சொற்களை உண்டாக்கினார். பால், பாலாடை, கோதுமை, தேன், தேநீர். எங்கள் ஊரில் தேநீர் என்றால் பச்சைத் தேநீர்தான். அதனால்தான் கடைசி நிறத்துக்கு அந்தப் பெயர். யார் காதிலும் குத்தாது.

ஓர் ஆண்டு குத்தவில்லை. பிறகு தேநீர் என்றால் கறுப்பு என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஸும்ராத் ஜனவரியில் முதன்முறை வந்தாள். மழலையர் பள்ளி ஆசிரியை, இருபத்திரண்டு வயது. தாடையில் தடித்த முடி. விடியுமுன் குளியலறையைப் பூட்டிக்கொண்டு சவரம் செய்வாள். மத்தியானம் குழந்தைகளைத் தூங்கவைக்கும்போது ஒரு பையன் அவள் தாடையைத் தடவி, “எங்க தாத்தா மாதிரி இருக்கு” என்று சொன்னானாம். இதையெல்லாம் அவள் மஸ்தூரா ஓபாவிடம் சொன்னாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் கேட்டேன்.

அக்டோபர் ஐந்தாம் தேதி திருமணம் என்று நிச்சயமாகியிருந்தது. அவள் பயம் திருமணத்தைப் பற்றி இல்லை. மறுநாள் காலையைப் பற்றி. கெலின் சலாம். புது மருமகளை முற்றத்தில், வெயிலில் நிறுத்துவார்கள். முகத்திரையை விலக்குவார்கள். உறவினர் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் குனிந்து வணங்க வேண்டும். பெண்கள் ஒரு சாண் தூரத்தில் வந்து முகத்தைப் பார்ப்பார்கள். அதற்குத்தானே வருகிறார்கள்.

“அந்தக் காலைக்குள்ள முகம் சுத்தமாயிடுமான்னு அகாகிட்ட கேளுங்க ஓபா” என்றாள். அகா என்றால் அண்ணன், என்னைத்தான்.

“ஏழு தடவை. வெயில் படக்கூடாது” என்றேன்.

ஆறு தடவை முடிந்தது. அவள் தோல் கோதுமை, துடிப்பு இருபது. தடித்த முடி கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. மிஞ்சியவை மெல்லியவை. இருபதுக்கு அவை அசையாது; பானை, பியாலா கணக்கைச் சொல்லி ஸும்ராத்துக்கும் இதை விளக்கியிருந்தேன். கடைசித் தடவை ஐந்து வைக்கலாம் என்று ரானோ ஒபிதோவ்னாவிடம் சொன்னேன். நிறம் கோதுமையாகவே இருந்தால் வைக்கலாம் என்று அவர் அவளுடைய சிகிச்சை அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டார்.

செப்டம்பர் பதினொன்று, காலை பத்தரை. திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம். வழக்கமாக அவள் அம்மா வருவார். இது அம்மாவின் நடை இல்லை.

“ஸஃபர்ஜோன், இருக்கியா?” மஸ்தூரா ஓபா.

“இருக்கேன் ஓபா.”

“இன்னைக்கு ஸும்ராத்துக்கு மாமியார் வீட்டுக் காவல். நாத்தனார் வந்திருக்காங்க. யாருன்னு பாத்தா நம்ம ஓய்தின்! இத்தனை நாளா எனக்குத் தெரியாது பாரு.”

ஓய்தின் எங்களிடம் இரண்டு ஆண்டாக வருபவர். கை, கால், அக்குள். நிறம் பால். அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

“காவலெல்லாம் இல்ல ஓபா. கடைவீதியில இவ அம்மாவைப் பாத்தேன். இவளுக்கு இன்னைக்குன்னு சொன்னாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்னேன். தர்பூசணி வாங்கினாக்கூடத் தட்டிப் பாக்கிறோம், வீட்டுக்கு வரப்போற பொண்ணைப் பாக்க வேண்டாமா?”

“தட்டிப் பாரு. கத்தியால கீறிப் பாக்காத.”

சிரித்தார்கள். ஸும்ராத்தின் சிரிப்பு கடைசியில் வந்தது.

“எதுக்கு வந்திருக்கே நீ? உன் முகத்துல என்ன இருக்கு?” என்றார் ஓய்தின்.

“மேலுதட்டுல கொஞ்சம். அவ்வளவுதான் ஓபா.”

“அந்த அகா அந்தப் பக்கந்தானே? இன்னும் மறுபடி கல்யாணம் ஆகலையா?”

“அவனா?” மஸ்தூரா ஓபாவுக்கு இந்தப் பேச்சு பிடிக்கும். “என் தங்கச்சி மகளைச் சொன்னேன். தையல் தெரியும், சமையல் தெரியும், நிறம் பாலு. இவன் வாயே திறக்க மாட்டேங்கறான். துடிப்பு எத்தனைன்னு கேப்பான்னு நினைச்சேன், அதைக்கூடக் கேக்கல.”

“அவன் பொண்டாட்டி போய் ஒரு வருஷம் முடிஞ்சிருக்குமே?”

“பதினாலு மாசம்” என்றேன்.

தோலைக் குளிர்விக்கும் காற்றைத் திறந்தேன். குளிர்காற்றுக் குழாய் இரைந்தது.

“நிறம்?” என்றேன்.

வழக்கமாகப் பதில் உடனே வரும். இந்த முறை மஸ்தூரா ஓபா கையுறை மாட்டும் சத்தம் கேட்டது. ஒரு கை. இன்னொரு கை.

“கோதுமை.”

“போன தடவை மாதிரியேவா?”

“கோதுமைதான் தம்பி. நல்ல கோதுமை.”

எங்கள் ஐந்து சொற்களில் ‘நல்ல’ என்பது கிடையாது. அது என் காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

“வெயில்?”

“இல்ல அகா.” ஸும்ராத். படிவத்திலும் ‘இல்லை’ என்றே எழுதியிருந்தாள்.

“முடி?”

“தாடையில பழைய தடிசு ஒரு பத்து. மத்ததெல்லாம் மெல்லிசு. கைக்குழந்தை நெத்தியில இருக்குமே, அந்த மாதிரி. ஆனா கறுப்பு.”

‘தாடையில’ என்றதும் ஓய்தின் ஏதோ கேட்க வந்தார். மஸ்தூரா ஓபா கண்ணுக்குக் கவசம் கொடுத்து, பேச வேண்டாம் என்றார். நான் எண்ணைக் குறைத்தேன். ஐந்து.

“சோதனைக்கு மூணு. காதுக்குக் கீழ, தாடை எலும்பு ஓரத்துல. முகத்துல வேண்டாம்.”

மூன்று முறை இயந்திரம் சொடுக்கியது.

“வலிக்குதா கண்ணு?”

“இல்ல ஓபா, ஒன்னுமில்ல.” கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

நான் அவள் அட்டையைப் புரட்டினேன். எழுதியிருக்கத் தேவையில்லை, நினைவிருந்தது. முதல் தடவை அவள், கொசு கையில் இஸ்திரிப்பெட்டியைக் கொடுத்த மாதிரி இருக்கிறது என்று கத்தினாள். நான்காவது தடவை வலியை மறக்க வாய்ப்பாடு ஒப்பித்தாள், ஏழாம் வாய்ப்பாட்டில் அழுதுவிட்டாள். ஆறாவது தடவை இயந்திரத்தின் அம்மாவைத் திட்டிவிட்டு, திரையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். எல்லாம் இருபதில். இன்று ஐந்து. அதே ஒளி, கால் பங்கு நேரத்தில். இன்று ஒன்றுமில்லையாம்.

என் மனைவி மவ்ஜுதா ஒரு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அவள் அண்ணனும் அண்ணன் வீட்டாரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். என்ன என்று கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் ஒன்றுமில்லை என்றாள். நான் புலாவை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஞாயிறு காலை அவள் இல்லை. தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் என்றார்கள்.

இயந்திரத்தை நிறுத்தத்தில் வைத்தேன்.

“ஓபா, மெஷின் சூடாயிருச்சு. பத்து நிமிஷம் ஆகும். நீங்க கொஞ்சம் வெளிய வாங்க. அந்த மூணு இடத்துலயும் குளிர் ஒத்தடம் வைக்கச் சொல்லுங்க.”

இயந்திரம் சூடாகவில்லை. நானும் அவர்களைப் போல மரியாதைக்காகப் பொய்தான் சொன்னேன்.

நடைபாதையில் மஸ்தூரா ஓபா என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினார்.

“நிறம் என்ன ஓபா?”

“சொன்னேனே.”

“அவங்க காதுல விழாது. சொல்லுங்க.”

“கரி பிடிச்ச சமையல் கொப்பரையோட அடி” என்றார் மெதுவாக. “மூணு வாரமாக் கூரை மேல திராட்சை காயப்போட்டிருக்கா. தலைத்துணி கட்டின எடம் கோதுமை. அதுக்குக் கீழ தேநீர். இன்னும் சொல்லப்போனா நம்ம அஞ்சுலயே அது இல்ல.”

“ஏன் சொல்லல?”

“நாத்தனார் முழங்கால் தூரத்துல உக்காந்திருக்கா, ஸஃபர்! அந்த அஞ்சு பேரையும் அவ மனப்பாடமா வச்சிருக்கா. நான் தேநீர்னு சொன்னா, சாயங்காலம் அவ அம்மா காதுல கறுப்பின்னு விழும். கல்யாணத்துக்கு இருபத்துநாலு நாள். நான் செவிலியா, கல்யாணத்தைக் கலைக்கிறவளா?”

“செவிலி.”

“உனக்கென்ன, ஆம்பளை. மில்லிநொடி தெரியும். கெலின் சலாம் தெரியுமா?”

“தெரியும். எங்க வீட்டு முற்றத்துலயும் நடந்தது.”

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அந்த மூணு எடமும் எப்படி இருக்கு?”

“தொட்டா சுடுது.”

“சிவந்திருக்கா?”

“கறுப்புல சிவப்பு எப்படித் தெரியும்? ஓரம் மட்டும் சாம்பலா இருக்கு.”

“உதட்டு மேல அதே ஐந்தைப் போட்டிருந்தா, ரெண்டு நாள்ல கொப்புளம். அது உரிஞ்சா பழுப்புத் திட்டு. சில பேருக்கு வெள்ளைத் திட்டு. மாசக்கணக்குல இருக்கும்.”

“அல்லாவே” என்றார் மஸ்தூரா ஓபா. கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

ரானோ ஒபிதோவ்னாவைத் தொலைபேசியில் பிடித்தேன். நிறத்தையும் சோதனைத் துடிப்புகளையும் பற்றிச் சொன்னேன். “உதடு வேண்டாம். கன்னம் வேண்டாம். தாடையில தடிச்சது மட்டும். ரெண்டாவது ஒளி, நாற்பது, பலம் குறைச்சு. அதுவும் பொண்ணு சரின்னா. அந்த மூணு எடத்துக்குக் களிம்பு எழுதித் தரேன். அட்டையில எல்லாத்தையும் எழுதிடு” என்றார். வைத்துவிட்டார்.

எங்கள் இயந்திரத்தில் இரண்டு ஒளிகள் உண்டு. இரண்டாவது ஆழமாகப் போகும், மேல் நிறத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. வெயிலில் காய்ந்த தோலுக்கு அதுதான். ஆனால் மெல்லிய முடியையும் அது அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

“சத்தம் போடாம நாற்பதை வச்சிரு” என்றார் மஸ்தூரா ஓபா. “நான் முகம் பூரா நடத்துற மாதிரி நடத்திட்டு, தாடையில மட்டும் சுடறேன். அவ சந்தோஷமாப் போகட்டும். ராத்திரி நான் போன்ல அவகிட்டத் தனியாச் சொல்லிக்கறேன்.”

எனக்கு அது சரியென்று பட்டது. யாருக்கும் வெட்கம் இல்லை, யாருக்கும் காயம் இல்லை. திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

அந்த இயந்திரத்தில் எண்ணை ஏற்றும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு பீப் சத்தம் வரும். ஐந்திலிருந்து நாற்பது வரை. அதை அணைக்கும் வழி இருந்தது. எனக்குத் தோன்றவில்லை.

“அகா” என்றது திரைக்கு அந்தப் பக்கம் ஸும்ராத்தின் குரல். எட்டு மாதத்தில் அவள் எண்ணைப் பற்றி என்னிடம் நேரே பேசியது இதுதான் முதல் தடவை. “எவ்வளவு வச்சிருக்கீங்க?”

மஸ்தூரா ஓபா, “பேசாத கண்ணு, கவசம் நகந்திரும்” என்றார்.

“இந்தத் தடவை எண் குறையும்னுதான் போன தடவை சொன்னீங்க. அஞ்சுன்னு சொன்னீங்க. இப்ப ஏறிக்கிட்டே போச்சே. நான் எண்ணினேன், முப்பத்தஞ்சு.”

குழந்தைகளுக்கு எண் கற்றுக்கொடுப்பவள்.

“நாற்பது” என்றேன்.

“நாற்பதுல மெல்லிசு போகாதே. பானை, பியாலான்னு நீங்கதானே சொன்னீங்க?”

“போகாது.”

“அப்ப அஞ்சே வைங்க. எனக்கு வலிக்கவே இல்ல.”

“வலிச்சுது.”

படுக்கை விரிப்பு சரசரத்தது.

“ஸும்ராத், இருபதுக்கே வாய்ப்பாடு சொன்னீங்க. ஐந்துக்குப் பேசாம இருந்தீங்க.”

“அகா, எனக்கு இருபத்துநாலு நாள்தான் இருக்கு.” குரல் தாழ்ந்திருந்தது. “நீங்க ஏழு தடவைன்னு சொன்னீங்க. ஏழும் வந்துட்டேன்.”

“தெரியும். ஐந்துக்கு நிறம் ஒத்துவரல.”

சொல்லிவிட்டேன். நாற்காலி ஒன்று நகர்ந்தது. ஓய்தினின் நாற்காலி.

“நிறமா?” என்றார் ஓய்தின். “கோதுமைன்னுதானே ஓபா சொன்னாங்க?”

மஸ்தூரா ஓபா தொண்டையைச் செருமினார். “வெளிச்சத்தைப் பொறுத்தது ஓய்தின். இந்த விளக்கு சரியில்ல, ஜன்னல் பக்கம் கொஞ்சம்...”

“தேநீர்” என்றாள் ஸும்ராத்.

படுக்கையில் அவள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

“தேநீர் அகா. நாம குடிக்கிற பச்சை இல்ல, தாஷ்கந்துக்காரங்க குடிக்கிற கறுப்பு. படிவத்துல வெயில் இல்லைன்னு எழுதினது நான்தான். அப்பாவுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு, கூரை மேல திராட்சையைத் திருப்பிப் போட ஆள் இல்ல. நான் மாட்டேன்னா மொத்தமும் பூஞ்சை பிடிச்சிருக்கும்.” மூச்சு வாங்கினாள். ஒன்றைச் சொன்ன பிறகு மற்றதையும் சொல்லிவிடலாம் என்று இருந்திருக்க வேண்டும். “அப்புறம் மேலுதட்டுக்கு வரல ஓய்தின் ஓபா. தாடிக்கு வந்தேன். ஜனவரியில எனக்குத் தாடி இருந்தது. தினமும் சவரம் பண்ணேன்.”

குளிர்காற்றுக் குழாய் இரைந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். நிறுத்தியது தவறு. அறை இன்னும் அமைதியாகிவிட்டது.

“தாடின்னா?” என்றார் ஓய்தின் கடைசியில். “எவ்வளவு?”

“நூறு, நூத்தம்பது முடி. தடிசா.”

“என் தம்பிக்கே அவ்வளவு கிடையாதே.”

மஸ்தூரா ஓபாதான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். பிறகு ஓய்தின். பிறகு ஸும்ராத், அழுகையோடு கலந்து. நான் சிரிக்கவில்லை. ஆனால் இயந்திர முகப்பில் எண்ணைப் பார்க்க மறந்து ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

“இங்க பாரு” என்றார் ஓய்தின், சிரிப்பு முடிந்ததும். குரல் மாறியிருந்தது. “கறுப்பை எங்கம்மா கண்ணால பாத்துக்குவாங்க, அதை நான் போய்ச் சொல்ல வேண்டியதில்ல. தாடி உன்னோட. அது என் வாயிலேர்ந்து வராது. ஆனா படிவத்துல பொய் எழுதற பொண்ணுன்னு நான் ஞாபகம் வச்சுக்குவேன்.”

“சரி ஓபா.”

“முகத்தைச் சுட்டுக்கிட்டு எங்க வீட்டு முற்றத்துல வந்து நின்னிருந்தா, எங்களைத்தானே பேசியிருப்பாங்க? வர்றதுக்கு முந்தியே மருமகளை வறுத்துட்டாங்கன்னு?” திரையைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும், குரல் பக்கத்தில் கேட்டது. “அகா, நாற்பதுல என்னதான் போகும்?”

“தாடையில இருக்கற தடிச்சது பத்தும். மத்தது இருக்கும்.”

“கல்யாணத்தன்னைக்கும்?”

“அன்னைக்கும்.”

ஸும்ராத்திடம் கேட்டேன். “நாற்பது, தாடை மட்டும். வேண்டாம்னாலும் சரி.”

அவள் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். இந்த முறை பதில் கேள்விக்குப் பிறகுதான் வந்தது.

“வைங்க.”

இரண்டாவது ஒளி, நாற்பது. ஒரு துடிப்பு, பிறகு ஐந்து நிமிடம் காத்திருந்தோம். மஸ்தூரா ஓபா தொட்டுப் பார்த்து, “சூடு இல்ல, நிறம் மாறல. இது நிஜம்” என்றார். இன்னும் பத்து. மூன்றாவதில் ஸும்ராத் கத்தினாள். ஏழாவதில் இயந்திரத்தின் குடும்பத்தையே இழுத்தாள். ஓய்தின், “வாயைப் பாரு, வாயை” என்றார். நான் அட்டையில் எழுதினேன்: பதினொரு துடிப்பு, வலி உண்டு.

இரண்டு நாள் கழித்து என் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. காதுக்குக் கீழே மூன்று வட்டங்கள். இரண்டு பழுப்பாகியிருந்தன. ஒன்றில் கொப்புளம், சட்டைப் பொத்தான் அளவு, ஒரு பக்கம் உடைந்திருந்தது. தாடை தெரிந்தது. அதில் காயம் ஒன்றும் இல்லை. அவள் முகத்தில் நான் பார்த்தது அவ்வளவுதான், காதுமடலும் தாடையின் ஓரமும். அந்த நிறத்துக்கு மஸ்தூரா ஓபாவின் ஐந்து சொற்களில் உண்மையிலேயே சொல் இல்லை.

“இது கல்யாணத்துக்குள்ள போயிடுமா அகா?” என்று எழுதியிருந்தாள்.

“போகாது. கொப்புளத்தை உரிக்க வேண்டாம். மருத்துவர் எழுதிய களிம்பு, காலையும் இரவும். வெயில் படாமல் மூடி வையுங்கள். ஓய்தினோடோ அம்மாவோடோ வந்து மருத்துவரிடம் நாளைக்குக் காட்டுங்கள். குளிர்காலம் முடிவதற்குள் மங்கும்.”

“உதட்டு மேலயும் இப்படித்தான் ஆகியிருக்குமா?”

“ஆம்.”

அவள் எழுதுவது தொலைபேசியில் தெரிந்தது. நின்றது. மறுபடி எழுதினாள்.

“காதுக்குக் கீழன்னா தலைத்துணி மறைச்சிடும். மெல்லிசு முடி அப்படியேதான் இருக்கு. நூல் போட்டு எடுக்க ஓய்தின் ஓபா ஒரு அம்மாவைச் சொல்லியிருக்காங்க. முந்தின நாள் வீட்டுக்கே வருவாங்களாம். ரெண்டு வாரத்துல திரும்ப வந்துடும். ஆனா அந்தக் காலைக்குப் போதும். ஓபா சொல்றாங்க, கிட்ட வந்து பாக்கற கிழவிங்க யாருக்கும் கண்ணாடி இல்லாம ஒன்னும் தெரியாதாம்.”

படத்தை மறுபடி பார்த்தேன். பிறகு எழுதினேன்: “தவறு என்னுடையது.”

“பொய் எழுதினது நான் அகா.”

“ஐந்து வைத்தது நான்.”

அரை மணி நேரம் கழித்து, “ஜனவரியில வெளுத்துடுவேன். அப்ப ஐந்து வைப்பீங்களா?” என்று வந்தது.

“ஓபா உங்கள் கையின் உள்பக்கத்தை முகத்தோடு வைத்துப் பார்த்துச் சொல்வார். இரண்டும் ஒன்றாக இருந்தால் வைக்கலாம். முதலில் ஒரே ஒரு சோதனை. பிறகு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.”

“நானே சொல்வேன்.”

ஜனவரி பதினாறு என்று குறித்தேன். அவள் அட்டையை எடுத்து, ‘வெயில்’ என்ற இடத்தில் இருந்த ‘இல்லை’யை அடித்துவிட்டு, ‘மூன்று வாரம்’ என்று எழுதினேன். ‘சோதனை’ என்ற இடத்தில் ‘மூன்று துடிப்பு, ஐந்து மில்லிநொடி, காயம்’ என்று எழுதினேன். யார் வைத்தது என்று கேட்கும் கட்டத்தில் வழக்கமாக மஸ்தூரா ஓபாதான் கையெழுத்திடுவார். அன்று நான் இட்டேன்.